ரெய்ட் பெட்டியில் பைல்கள் கெட்டால்...

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே போட்டோக்களும் வீடியோக்களும் சேர்ந்து ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடுகிறது. அடுத்து வெளியே வைத்து இணைக்கும் டிஸ்க் ஒன்றைத் தேடுகிறோம். அப்போது கடைக்காரர், "ரெய்ட் பெட்டியாகவே வாங்கிவிடுங்கள் சார், ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது" என்று சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்து கொள்ளாதவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள்.

ரெய்ட் என்பது என்ன?

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவ் போல இயங்க வைப்பதே ரெய்ட். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவர் 1988ல் வெளியிட்ட கட்டுரை மூலம் இந்தப் பெயர் பரவியது.

ரெய்ட் 1 வகையில் ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்குகளில் பதியப்படும். ரெய்ட் 5 வகைக்குக் குறைந்தது மூன்று டிஸ்க்குகள் தேவை. இது செயல்படும் விதத்தை எளிய கணக்காகச் சொல்கிறேன். மூன்று டிஸ்க்குகளில் 4, 7, 2 என்ற எண்கள் உள்ளன. நான்காவதில் அவற்றின் கூட்டுத் தொகையான 13 உள்ளது. 7 இருந்த டிஸ்க் கெட்டுப்போனால், 13லிருந்து 4ஐயும் 2ஐயும் கழித்து 7 என்று கண்டுபிடித்துவிடலாம். (உண்மையில் நடப்பது பிட் கணக்கு, அடிப்படை இதுதான்.)

இப்போது ஒரு கேள்வி. 7 என்று எழுத வேண்டிய இடத்தில், கம்ப்யூட்டரே தவறாக 9 என்று அனுப்பினால்? பெட்டி 9ஐப் பதிந்து, கூட்டுத் தொகையை 15 என்று எழுதிக் கொள்ளும். கணக்கு சரி, கொடுத்த எண் தவறு. பெட்டிக்கு அது தெரியவே தெரியாது.

விளக்கு பச்சை, படம் பாதி

திருமண நிகழ்ச்சிகளைப் படம் எடுக்கும் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. 2 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு கொண்ட ரெய்ட் 5 பெட்டி. 6 டெராபைட் இடம். அண்மையில் பதிந்த சில போட்டோக்களைத் திறந்தால் மேல் பாதி நன்றாக இருந்தது. கீழ் பாதி சாம்பல் நிறம். பெட்டியில் எல்லா விளக்குகளும் பச்சை. "பெட்டியை பார்மட் செய்து பார்க்கட்டுமா?" என்று போனில் கேட்டார். எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு என் லேப்டாப்புடன் சென்றேன்.

முதலில் செய்யக் கூடாதவை

டிரைவில் புதிதாக எதையும் பதியாதீர்கள். பெட்டியின் சாப்ட்வேர் "இனிஷியலைஸ்" அல்லது "ரீபில்ட்" செய்யவா என்று கேட்டால், காரணம் தெரியும் வரை வேண்டாம் எனக் கொடுங்கள். டிஸ்க்குகளைக் கழற்றி இடம் மாற்றாதீர்கள். பிழை திருத்தும் கட்டளையுடன் செக்டிஸ்க் இயக்காதீர்கள். அது பைல்களின் பட்டியல் ஒழுங்கைத்தான் சீர் செய்யும். போட்டோவுக்குள் இருக்கும் பிழையைத் திருத்தாது. சில நேரங்களில் மீட்கக் கூடியதையும் கெடுத்துவிடும்.

படிப்படியாகத் தேடல்

முதல் வேலையாகப் பெட்டியை என் லேப்டாப்பில் இணைத்து, அனைத்தையும் வேறு டிஸ்க்கில் காப்பி செய்தேன். கெட்ட போட்டோக்கள் இதிலும் கெட்டே தெரிந்தன. எனவே தவறு, பதியப்பட்ட டேட்டாவிலேயே இருந்தது.

அடுத்து 7-ஜிப் புரோகிராமைப் பயன்படுத்தினேன். இதனை இன்ஸ்டால் செய்தபின், ஒரு பைல் மீது ரைட் கிளிக் செய்து, 7-ஜிப் பிரிவில் "சிஆர்சி எஸ்எச்ஏ" மெனு சென்று "எஸ்எச்ஏ-256" என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீண்ட எண் ஒன்று கிடைக்கும். இது பைலின் கைரேகை போன்றது. ஒரு பிட் மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும்.

பெட்டியைக் கழற்றி மீண்டும் இணைத்து, அதே பைலுக்கு இந்த எண்ணை எடுத்தேன், மாறவில்லை. என் லேப்டாப்பிலிருந்து புதிதாகப் பதிந்த பைல்களும் சரியாகவே இருந்தன. பெட்டி மீதான சந்தேகம் குறைந்தது. கேபிள் மீது எனக்கு முதலிலிருந்தே அதிகச் சந்தேகம் இல்லை. யு.எஸ்.பி. இணைப்பில் அனுப்பும் டேட்டாவைச் சரிபார்க்கும் வசதி உண்டு. எனவே கேபிள் கெட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகும், அல்லது பிழைச் செய்தி வரும். சத்தமில்லாமல் படம் கெடுவது அரிது.

பின்னர் நண்பரின் கம்ப்யூட்டருக்கு வந்தேன். அதன் உள் டிஸ்க்கில் இருந்த பெரிய வீடியோ பைல் ஒன்றுக்குப் பலமுறை எண் எடுத்தபோது, ஒரு முறை மட்டும் வேறு எண் வந்தது. யாரும் தொடாத பைல் எப்படி மாறும்? ராம் மெமரிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. மெம்டெஸ்ட்86 புரோகிராமை பென் டிரைவில் பதிந்து, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்து ஓடவிட்டேன். சிவப்பு நிறத்தில் பிழைகள் வரிசையாக வந்தன. இரண்டு மெமரி ஸ்டிக்குகளையும் தனித்தனியாகப் போட்டுச் சோதித்ததில், ஒன்று கெட்டிருந்தது தெரிந்தது.

கேமரா கார்டிலிருந்து பெட்டிக்குச் செல்லும் ஒவ்வொரு போட்டோவும் இந்த மெமரி வழியாகத்தான் சென்றது. ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினால் போதும், அதற்குப் பின் வரும் பகுதி முழுவதும் குழம்பிவிடும்.

மெமரி ஸ்டிக்கை மாற்றியதும் பிரச்னை தீர்ந்தது. கார்டில் அழிக்காமல் இருந்த போட்டோக்களை மீண்டும் காப்பி செய்தோம். ஆனால் கார்டுகள் அழிக்கப்பட்டுவிட்ட இரண்டு திருமணங்களின் சில படங்கள் திரும்பவே இல்லை. அந்தக் குடும்பங்களிடம் நண்பர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ரெய்ட் பேக்கப் ஆகாது. தவறாக அழித்தாலும், வைரஸ் வந்தாலும், டேட்டா கெட்டாலும் எல்லா டிஸ்க்குகளிலும் அதுவே பதியும். எனவே தனி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள்.

* காப்பி செய்தபின் சில பைல்களையாவது திறந்து பார்த்த பிறகே கேமரா கார்டை அழியுங்கள்.

* ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் மெமரி டயாக்னஸ்டிக்" எனத் தேடி, அவ்வப்போது ராம் மெமரியைச் சோதியுங்கள். இது விண்டோஸுடனேயே வருகிறது. பிழை இல்லை என்று சொன்ன பின்னும் சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86 இயக்குங்கள்.

* பல ரெய்ட் பெட்டிகளில் உள்ளே இருக்கும் டிஸ்க்குகள் விண்டோஸில் தனித்தனியாகத் தெரியாது. பெட்டியுடன் தரப்படும் சாப்ட்வேரைத் திறந்து, ஒவ்வொரு டிஸ்க்கின் நிலையையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

* எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலும் டேட்டா கெடலாம். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் பெட்டியின் பிளக்கையும் அதிலேயே செருகுங்கள்.