சுவரும் நிறமும்



புதிதாக வெள்ளையடித்த வீட்டினுள் நுழையும்போது நம்மிற் பலருக்கு மனநிறைவு உண்டாகின்றது. துப்புரவு, வெளிச்சம், அடக்கம் யாவும் வெண்மைக்கே உரியன என்பது நமது எண்ணம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணி, சுவர், கதவு, யன்னற் சட்டம் அனைத்தையும் வெள்ளையாகவே வைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரின் கண்களிற் புரை படர்ந்தது. ஒருநாட் காலை, குளியலறைக் கதவு எது, சுவர் எது என்று புலப்படாமல், இரு கைகளாலும் சுவரைத் தடவிக்கொண்டு அவர் நிற்பதைக் கண்டேன். என் இரசனையைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக எனக்கு ஐயம் பிறந்தது.

ஒரு நிறம் தன்னந்தனியே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதன் வலிமை அயலிலுள்ள நிறத்தைப் பொறுத்தது. இதனை ஆராய்ந்து விளக்கியவர் செவ்ரோல் என்ற பிரான்சிய இரசாயன அறிஞர். பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்கு அவர் 1824ஆம் ஆண்டிற் பொறுப்பேற்றார். அங்கே, கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்பது ஒரு முறைப்பாடு. அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்திற் குறை எதுவும் இல்லை. அருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கறுப்பை வலுவிழக்கச் செய்திருந்தன! இவ்வுண்மையை விரித்து 1839இல் ஒரு பெருநூலை அவர் வெளியிட்டார். வீட்டிலேயே இதனைச் சோதிக்கலாம். ஒரே சிவப்புத் தாளில் இரு துண்டுகளை வெட்டி, ஒன்றைச் செம்மஞ்சட் சீலையிலும் மற்றதைப் பச்சைச் சீலையிலும் வைத்துப் பாருங்கள். பச்சையின் மேலுள்ளது கனன்று நிற்கும்.

ஆகவே, கடும் நிறத்தை விரும்புவோர் அறை முழுவதையும் அதில் முழுக்காட்ட வேண்டியதில்லை. நான்கு சுவருக்கும் சிவப்புப் பூசினால் நேர்வது என்ன? ஒரு சுவரிற் பட்ட ஒளி சிவந்து எதிர்ச்சுவரில் விழுகின்றது. அங்கிருந்து மேலும் சிவந்து திரும்புகின்றது. கடையிற் சிறு அட்டையிலே கண்டு மகிழ்ந்த நிறம் வீட்டிலே நம்மை மிரட்டுவதற்கு இதுவே காரணம். அறையில் இருப்போர் முகங்களும் சிவந்து தோன்றும்; விருந்தினர் நம்மீது கோபங்கொண்டிருக்கிறார்களோ என்று கூட ஐயுற நேரிடலாம். யன்னலுக்கு எதிரேயுள்ள ஒரு சுவர் போதும். அதிலும் முதலில் ஒரு முழச் சதுரத்திற் பூசி, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பார்த்தல் நன்று. மஞ்சள் ஒளி தரும் மின்குமிழின் கீழ் நீலம் களையிழந்துவிடும். சுண்ணாம்பில் நிறங் கலப்போர் காவி, மஞ்சட்காவி முதலிய மண்நிறங்களையே நாடுக. சுண்ணாம்பின் காரத்தை அவை தாங்கும். ஈரத்திற் காணும் நிறம் உலர்ந்தபின் வெளிறிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

இவையெல்லாம் நமக்குப் புதியன அல்ல. நம் பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்து நிலமும் வெள்ளைச் சுவரும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டியவையே. 2022இற் காலமான பார்பரா சன்சோனி அம்மையார், நம் நாட்டுக் கைத்தறித் துணிகளில் எவரும் அருகருகே வைக்கத் தயங்கிய நிறங்களைத் துணிந்து இணைத்தார். சுவரைத் தொட அஞ்சுவோர் அத்தகைய ஒரு திரைச்சீலையிலோ தலையணை உறையிலோ தொடங்கலாம். பிடிக்காவிடின் மாற்றுவது எளிது.

என் வீட்டிலோ காத்திருக்க நேரமில்லை. தாயாரின் சத்திரசிகிச்சைக்குச் சில மாதங்கள் இருந்தன. முதலில் நீலத்தையே எண்ணினேன். ஆனால் முதுமையிலே கண்வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுப்பதால், முதியோர் கண்ணுக்குக் கடும் நீலத்தையும் கறுப்பையும் வேறுபடுத்திக் காண்பது கடினமாகலாம். ஆதலாற் குளியலறைக் கதவுக்குக் கடுஞ் சிவப்புத் தீந்தை பூசுவித்தேன். விறாந்தைப் படிகள் முழுவதும் சிவப்புச் சீமெந்து. எங்கே ஒரு படி முடிந்து மற்றது தொடங்குகிறதென்பது அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்தில் மஞ்சட் கோடு ஒன்று இடுவித்தேன். அயலவர் சிலர் பாடசாலைக் கட்டடம் போலிருக்கிறது என்று நகைத்தனர். அதிபரின் வீடு வேறு எப்படி இருக்கும்?

தீந்தை உலர்ந்த மறுநாள் தாயார் எவர் துணையுமின்றி நேரே அக்கதவண்டை சென்றார். கைப்பிடியைப் பற்றியபடி திரும்பி, "இந்தக் கதவு முந்தியும் இஞ்சைதானே பிள்ளை இருந்தது?" என்று கேட்டார்.