அது சோம்பல் அல்ல

கண்ணாடித் தொட்டிக்குள் அசையாமல் கிடக்கும் இகுவானாவை அவசரப்பட்டு மீட்க முடியாது. முதல் தேவை வெப்பம், கடைசியில்தான் சாப்பாடு.

கரியாஹாட்டின் பழைய வீடுகளில் சுவர்ப் பல்லியை யாரும் வளர்ப்பதில்லை. அது தானாகவே வளர்கிறது. விளக்கைச் சுற்றும் பூச்சிதான் சாப்பாடு; சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம்தான் வீடு. பேச்சுக்கு நடுவே அது ‘டிக் டிக்’ என்றால், சொன்னது உண்மை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்வார்கள் வங்காளிகள். ராஷ்பிஹாரி அவென்யூவில் சற்றுத் தள்ளி, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கோ அது எந்தத் திசையிலிருந்து சொன்னது என்பது முக்கியம்.

காசு கொடுத்து வாங்கப்பட்டு, கண்ணாடித் தொட்டிக்குள் வாழும் பச்சை இகுவானாவின் கதை வேறு. அதன் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் காடுகள். சரியாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து 5 அடியைத் தாண்டும். 15 ஆண்டுகள்கூட வாழும். பெரும்பாலும் இது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியை மீன் தொட்டி ஒன்றில் விடுகிறார். சில ஆண்டுகளில் அவர் வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் போக, தொட்டி உறவினரிடமோ நண்பரிடமோ கை மாறுகிறது. கூடவே ஒரு நற்சான்றும் வருகிறது: ‘ரொம்ப சாது, அசையவே அசையாது.’

கவலைப்பட வேண்டியது அதைக் கேட்டுத்தான். ஆரோக்கியமான இகுவானா சாதுவல்ல. தெரியாத கை நீண்டால் உடலை உப்பிக் காட்டும், ஓடும், வாலால் சாட்டை போல விளாசும். இவை எதையும் செய்யாமல் கண் குழிந்து, வாலின் அடியில் எலும்பு துருத்தி, வயிறு தரையில் படியக் கிடக்கிறதென்றால் அதற்கு எழுந்திருக்கத் தெம்பில்லை என்று பொருள்.

தெம்பு எங்கே போயிற்று? முதல் சந்தேகம் வெப்பத்தின் மீது. பல்லியினம் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து கடன் வாங்குகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்பிலிருந்து தப்பிப் பெருகிய இகுவானாக்கள் ஆயிரக்கணக்கில் மரங்களில் வாழ்கின்றன. 2020 ஜனவரியில் குளிர் கடுமையானபோது, ‘மரத்திலிருந்து இகுவானா விழலாம், ஆச்சரியப்படாதீர்கள்’ என்ற பொருளில் மயாமி வானிலை அலுவலகம் பொதுமக்களுக்கு அறிவிப்பே வெளியிட்டது. விழுந்தவை பல செத்துப்போகவில்லை. வெயில் ஏறியதும் எழுந்து நடந்தன. கல்கத்தாவில் அந்த அளவு குளிர் இல்லை. ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 13, 14 டிகிரிக்கு இறங்குகிறது. கோடையில் ஏ.சி. அறையும் இகுவானாவுக்குக் குளிர்காலம்தான். விழுந்துவிடாவிட்டாலும் அதன் குடல் வேலை செய்யாது. தின்ற கீரை செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே அழுகும்.

இரண்டாவது காரணம் எலும்பில் இருக்கிறது. கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். இகுவானா அதைத் தன் தோலில் தயாரிப்பது வெயிலில் உள்ள புறஊதா பி கதிரைக் கொண்டு. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடுகிறது. ‘தெற்குத் திறப்பு’ என்று கல்கத்தாக்காரர்கள் பெருமையோடு வாடகை ஏற்றும் வீட்டில் ஜன்னலோரமே தொட்டி இருந்தாலும், உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. ரத்தத்தில் கால்சியம் குறையக் குறைய, உடல் அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கிறது. தாடை ரப்பர் போல மெத்தென்றாகும். தொடை வீங்கும், கொழுகொழுவென்று வளர்கிறது என்று வீட்டார் மகிழ்ந்துபோவதும் உண்டு. விரல்கள் துடிக்கும். கடைசியில், சும்மா தூக்கினாலே கால் முறியும்.

குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோய்க்கு இது நெருங்கிய உறவு. முதல் உலகப் போர் முடிந்த குளிர்காலத்தில் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் புறஊதா ஒளியைப் பாய்ச்சிக் குணப்படுத்தி, 1919இல் அதை வெளியிட்டார். இகுவானாவுக்கும் மருந்து அந்த ஒளிதான்.

பழைய வளர்ப்பாளரின் தவறு தெரிந்ததும் புதியவருக்குப் பரிதாபம் பொங்கும். இங்கேதான் ஆபத்து. இத்தனை நாள் பட்டினி கிடந்ததே என்று முதல் நாளே வாயைத் திறந்து ஊட்டுகிறார்கள். மெத்தென்ற தாடை உடையலாம். குளிர்ந்த குடலில் உணவு தேங்கும். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று வயிற்றை நிரப்பினால் ரத்தத்தின் உப்புச் சமநிலையே குலைந்து உயிர் போகலாம்.

வெப்பம் முதலில். தொட்டியின் ஒரு மூலை 35 டிகிரி, மறு மூலை 27 டிகிரி. எது வேண்டுமோ அங்கே அது நகர்ந்துகொள்ளும். கையால் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்காமல் இரு முனையிலும் வெப்பமானி வைக்க வேண்டும். சூடேற்றும் பல்பைச் சுற்றிக் கம்பி வலை அவசியம், குளிர்ந்த பல்லி அதையே கட்டிக்கொண்டு வெந்துபோகும். அடுத்தது தண்ணீர். அகலமான பாத்திரத்தில் முழங்கை நனையும் அளவு வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம், பக்கத்திலேயே ஆள் இருந்து. எச்சத்தின் வெள்ளைப் பகுதி கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதவில்லை. மூக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருப்பது மட்டும் சளியல்ல: இகுவானா அதிக உப்பைத் தும்மி வெளியேற்றும் பிராணி.

இதற்குள் மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். தெருமுனை நாய், பூனை மருத்துவர்களில் ஊர்வனவற்றுக்குப் பழகியவர்கள் குறைவு என்பதால் விசாரித்துப் போவது நல்லது. எக்ஸ்ரே எலும்பின் நிலையைச் சொல்லும். ரத்தப் பரிசோதனை கால்சியத்தையும் சிறுநீரகத்தையும் காட்டும். எச்சத்தில் புழு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கால்சியம் மருந்தின் அளவு அவர் கையில்தான் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய வைட்டமின் டியை அள்ளிக் கொடுத்தால் கால்சியம் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் படியும்.

வெயிலுக்குச் செலவில்லை. காலை வேளையில் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ கம்பிவலைக் கூண்டில், பாதி நிழலோடு, அரை மணி நேரம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். மழைக்கால மேகமூட்டத்துக்குப் புறஊதா பி விளக்கு வேண்டும். அது எரிவதை வைத்து ஏமாறக்கூடாது, வெளிச்சம் அப்படியே இருக்கக் கதிர் மட்டும் தேய்ந்துவிடும். 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்குக் கரியாஹாட் மார்க்கெட்டே போதும். இகுவானா முழுச் சைவம். முட்டை, நாய் பிஸ்கட், மீன் என்று கொடுத்த புரதம் அதன் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்த்திருக்கும். வங்காளிகள் ‘சஜ்னே ஷாக்’ என்று வாங்கும் முருங்கைக்கீரையில் கால்சியம் ஏராளம். பூசணி, செம்பருத்தி இலையும் ஆகும். பாலக், ‘புயி ஷாக்’ எனும் பசலை இரண்டிலும் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் தினமும் வேண்டாம். தொட்டியைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி இதன் மூலம் பரவும். 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இது இல்லாமலிருப்பதே மேல்.

மருத்துவரிடம் போகப் பலர் தயங்குவதற்குக் காகிதம் இல்லாததும் ஒரு காரணமாகலாம். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூர் பயணி ஒருவரின் பெட்டியிலிருந்து 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. கடத்தல் தொழில் அப்படி. வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 பிப்ரவரி விதிகளும், இகுவானா போல சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல் உயிரினங்களை பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. நம் உடும்பை வளர்ப்பது முற்றிலும் குற்றம். வேண்டாமென்று ஏரிக்கரையில் விட்டுவிடுவதும் தீர்வல்ல. புளோரிடாவின் தொல்லை அப்படி வந்ததுதான்.

முன்னேற்றத்தைக் கண்ணால் அளப்பதைவிடச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவைப்பது மேல். விரல் துடிப்பு சில வாரங்களில் அடங்கலாம். எலும்பு இறுகப் பல மாதம் ஆகும். சிறுநீரகம் கெட்டிருந்தால் எதுவும் பலிக்காது. வலியில்லாமல் முடித்துவைப்பதா என்று மருத்துவரே கேட்கக்கூடும். பிழைத்தவற்றுக்கும் வளைந்த தாடை நேராவதில்லை. அவற்றுக்கு முருங்கைக்கீரையை ஆயுள் முழுக்கப் பொடியாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.