எழுத்துச் சிதைவதேன்?

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் முதற் கையேட்டைக் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் ஆக்கினர். அஃது 1971 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்திலே வெளிவந்தது. அதன் வழிவந்த பக்கங்களையே, கட்டளையொன்றின் பயனை அறிய விழைவோர் இன்றும் கணினித் திரையில் அழைத்துப் படிக்கின்றனர். ஆங்கிலப் பக்கங்கள் செவ்வனே தோன்றும். ஜேர்மன் மொழிப் பக்கத்தைத் திறந்தாலோ, சிற்சில வேளைகளிற் சொற்கள் உருக்குலைந்து காணப்படும். இதற்குக் காரணம் யாது?

கணினி எழுத்தை எண்ணாகவே கொள்ளும். எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்குமென்பதைப் பட்டியலே வரையறுக்கும். 1963 இல் வகுக்கப்பெற்ற அஸ்கிப் பட்டியலில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்துக்கு அவை போதும். பின்வந்த லத்தீன்-1 பட்டியல் 256 இடங்களைக் கொண்டு மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும் உதவிற்று. உலக மொழிகளைத் தழுவ எழுந்த யூனிகோட்டின் முதற் பதிப்பு 1991 இல் வந்தது. அதனை எழுதுதற்குரிய யூ.ரி.எவ்.-8 முறையை 1992 இல் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்தனர்.

உதாரணமொன்று காண்போம். ஜேர்மன் மொழியிலே தலைமேல் இரு புள்ளி பெறும் 'யூ' என்னும் சிற்றெழுத்து, லத்தீன்-1 இல் 252 என்னும் ஓரெண். யூ.ரி.எவ்.-8 இல் அதுவே 195, 188 என ஈரெண்ணாகும். இவ்விரண்டையும் பழைய பட்டியல் கொண்டு படித்தால், முன்னையது அலைக்கோடு சூடிய 'ஏ' ஆகும். பின்னையது கால் என்னும் பின்னக்குறியாகும். சொல்லின் நடுவே பின்னம் புகுந்த விந்தை இதுவே. கோப்பு பழுதுபடவில்லை, படித்த பட்டியலே பிழை.

ஆதலின், நான்கிடங்களை ஆராய்தல் வேண்டும். முதலாவது, கோப்பு எம்முறையில் எழுதப்பட்டதென்பது. இரண்டாவது, பக்கத்தை ஒழுங்குசெய்யும் செய்நிரல். குரொவ் என்னும் செய்நிரல் நெடுங்காலம் லத்தீன்-1 கோப்புகளையே எதிர்பார்த்தது. 2009 இல் அதனுடன் சேர்ந்த பிரீகொன்வ் என்னும் துணைநிரல், பிற எழுத்துக்களைக் குரொவ் அறியும் குறியீடுகளாக முன்னரே மாற்றிக் கொடுக்கின்றது. மூன்றாவது, கணினியின் மொழிச் சூழலமைப்பு, அது யூ.ரி.எவ்.-8 எனக் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நான்காவது, அவ்வெழுத்துக்களைக் கொண்ட எழுத்துரு திரைக்கு வாய்த்திருத்தல்.

நமது அகரமும் யூ.ரி.எவ்.-8 இல் 224, 174, 133 என மூன்றெண் பெறும். எனவே, பட்டியல் பிறழ்ந்தால் தமிழ்ப் பக்கம் முழுவதுமே படிக்கவியலாததாகும். அதனைக் காணும் மாணவன், தன் மொழி கணினிக்கு ஒவ்வாதென எண்ணி ஆங்கிலத்தை நாடக்கூடும். மேற்கூறிய நான்கிடங்களையும் ஒழுங்காகச் சோதித்தால், பிழை எங்குளதென்பது புலப்படும். அவனும் தன் மொழியிலேயே தொடர்ந்து கற்கலாம்.