கடல் வாசலில் ஒன்பது கதவுகள்

1970களில் சிங்கப்பூர் ஆற்றுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். போட் கீ கரையில் தொங்கான்கள் எனும் சரக்குப் படகுகள் இடித்துக்கொண்டு நிற்கும். கரைக்கும் படகுக்கும் நடுவே போட்ட பலகையில் ஆட்கள் மூட்டை சுமந்து கிடங்குக்கு நடப்பார்கள். தெருக்கடைகளின் எச்சில் தண்ணீர் வந்து சேரும் இடம் இதுதான். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளின் கழிவு பக்கத்துக் காலாங் ஆற்றில் கலந்தது.

அந்த நீரில் நம்மவர் பிழைப்பும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே படகோட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். சீனர்கள் கைக்கு அந்தத் தொழில் போனது பிறகுதான். சூலியா ஸ்ட்ரீட் இன்றும் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. சற்றுத் தள்ளி, பின்னாளில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயான ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்தார்கள். இன்று டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுகிறவர்கள் நிற்பது அந்தப் பகுதியில்தான்.

நாற்றத்தைவிடப் பெரிய தொல்லை வெள்ளம். சைனாடவுன், ஜாலான் புசார், கேலாங் எல்லாம் தாழ்ந்த இடங்கள். கடல் ஏறும் நேரமும் பெருமழையும் ஒன்றாக வந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கடையிலும் வீட்டிலும் புகுந்துவிடும். 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஏழு பேர் இறந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், பத்தே ஆண்டுகளில் ஆறு சுத்தமாக வேண்டும் என்று பிரதமர் லீ குவான் யூ கெடு வைத்திருந்தார். பண்ணைகள் மூடப்பட்டன. தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. 1987இல் ஆறு சுத்தமானது. தூர் வாருவது மட்டும்தான் வேலை என்றால் பல ஊர்கள் செய்துவிடும். கரையில் பிழைத்தவர்களுக்கு மாற்று இடம் காட்டியதுதான் இதில் கடினமான பாதி. ஆனாலும் ஆற்றங்கரையை விட்டுப் போன படகோட்டிக்கு அடுக்குமாடி வீடு ஈடாகுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

2008 அக்டோபர் 31 அன்று, ஆற்று நீர் கடலில் சேரும் 350 மீட்டர் அகல வாய்க்காலின் குறுக்கே மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. ஒன்பது எஃகுக் கதவுகள். பெருமழை பெய்து கடல் தாழ்ந்திருந்தால் கதவுகளை இறக்குவார்கள். நீர் தானே வழிந்து கடலுக்குப் போய்விடும். கடல் ஏறியிருக்கும்போது கதவைத் திறந்தால் கடல்தான் உள்ளே வரும். அப்போது ஏழு பெரிய பம்புகள் ஓடும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40,000 லிட்டர் இறைத்துத் தள்ளும். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்கிற மழை இங்கேதான் வந்து சேர்கிறது. மழை வந்து வந்து உப்பு விலகியதும், 2010இல் அணைக்கு உள்ளே தேங்கிய இந்த நீர்ப்பரப்பு நாட்டின் 15ஆவது நீர்த்தேக்கமானது.

இப்போது ஏற்றவற்றம் கிடையாது. நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் கயாக், டிராகன் படகு, பாய்மரம் எல்லாம் ஆண்டு முழுக்க நடக்கின்றன. அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் மாலையானால் காற்றாடி விடும் கூட்டம். நீர்நாய்கள்கூடக் குடும்பத்தோடு திரும்பி வந்து மீன் பிடிக்கின்றன.

அணை கட்டியதும் வெள்ளமே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில் தண்ணீர் புகுந்தது. கடலை அடைத்துவிட்டதால் வந்த வினை என்று சிலர் பேசினார்கள். அப்படியல்ல, ஆர்ச்சர்டின் தண்ணீரை ஸ்டாம்ஃபர்ட் கால்வாயால் தாங்க முடியவில்லை. கடைசியில் மழைநீரைப் பிடித்துவைக்க நிலத்தடித் தொட்டியும் புதிய திசைதிருப்புக் கால்வாயும் கட்ட வேண்டியிருந்தது. அவை 2018இல் முடிந்தன.

தொங்கான் போன இடத்தில் இன்று பீர் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இருந்தாலும் என் கணக்கில் லாபமே அதிகம். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒன்று: மெர்லயன் சிலையருகே நின்று படம் எடுத்துவிட்டு, பின்னால் தெரிவது கடல் என்று ஊரில் சொல்லாதீர்கள். அது சுத்திகரித்துக் குழாயில் விடுவதற்காகத் தேக்கிய குடிநீர்.