பிரிக்கும் முன் ஒரு தள்ளு

நெய்வேலி பக்கத்து வடக்குத்து வழியாகக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். இழுக்கும் வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓர் இரும்புப் பின். அதை மாட்டுவது சுலபம். கழற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இழுவை இருக்கும்வரை பின் இறுகியே நிற்கும், சுத்தியலால் தட்டினாலும் அசையாது. விவரம் தெரிந்த டிரைவர் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவார். இறுக்கம் விட்டதும் பின் கையோடு வந்துவிடும். சக்கரத்துக்குக் கல்லும் முன்பக்கத்துக்கு முட்டும் அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஒற்றை அச்சு டிரெய்லரில் பாரம் பின்பக்கம் கூடியிருந்தால், பின்னை உருவிய நொடியில் முன்மூக்கு மேலே எகிறும்.

ரயிலிலும் இதே கதைதான். விருத்தாசலம்–கடலூர் தடத்தில் ஓடும் சரக்கு வேகன்களின் முனையில், மடங்கிய விரல்களைப் போல ஒன்றையொன்று பற்றும் கப்ளர்கள் இருக்கின்றன. அமெரிக்கரான எலி ஜேனி 1873-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசுகள் இவை. அதற்கு முன் அமெரிக்காவில், நகரும் வேகன்களுக்கு நடுவே நின்று வளையத்தில் ஆணி செருகியவர்கள் விரலையும் உயிரையும் இழந்தார்கள். 1893-இல் சட்டம் போட்டுத்தான் அந்தப் பழைய முறையை ஒழிக்க முடிந்தது.

ஜேனி கப்ளர்கள் மோதினாலே பூட்டிக்கொள்ளும். பிரிக்க மட்டும் இன்னும் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பாயிண்ட்ஸ்மேன் முதலில் இரு பக்கத்து ஆங்கிள் காக்குகளையும், அதாவது காற்றை அடைக்கும் வால்வுகளையும், மூடி, பிரேக் காற்று ஓடும் ஹோஸ் பைப்பைப் பிரிப்பார். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும். மூடாமல் பிரித்தால் குழாய் சாட்டையாக வீசும். பிறகு எஞ்சின் லேசாக நெருக்கும். பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கினால் பூட்டு விடும், எஞ்சின் விலகும். நிறுத்திய வேகன்களுக்குக் காற்று பிரேக் மட்டும் போதாது. காற்று மெல்லக் கசியும் என்பதால் கை பிரேக்கையும் இறுக்குவார்கள். இதில் சோம்பல் காட்டியதால் தானே உருண்டோடிய வேகன்கள் உலகெங்கும் உண்டு.

ஓடும்போது கப்ளர் அறுந்தால்? ஹோஸும் பிய்ந்து காற்று வெளியேறும். இரண்டு துண்டுகளிலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆள் இல்லாமல் தானே பிரியும் இணைப்பும் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி பெல்ட்டில் பயணிக்கிறது. இத்தகைய கன்வேயர்கள் பலவற்றில் மோட்டாரையும் கியர் பெட்டியையும் இணைப்பது எண்ணெய்: ஒரு சக்கரம் எண்ணெயைச் சுழற்ற, அது எதிர்ச் சக்கரத்தைச் சுழற்றும். பெல்ட் சிக்கிக்கொண்டால் எண்ணெய் கடுமையாகச் சூடேறும். குறித்த சூட்டில் உருகும் சிறு அடைப்பு கரைந்து எண்ணெய் வெளியே கொட்ட, மோட்டார் சுமையின்றிச் சுற்றும். சிக்கலை எடுத்துவிட்டுப் புது அடைப்பு போட்டு, எண்ணெய் நிரப்பினால்தான் பெல்ட் மறுபடி ஓடும்.