வில்லையின் வளைவும் பொறுக்கத்தக்க பிழையும்

கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டு வில்லையாக்கும் தொழிலில், கணித்தபடியே இம்மியும் பிசகாது அமைந்த வளைவு என ஒன்று இல்லை. வில்லைப் பரப்பானது ஒரு பெரிய கோளத்தினின்று அரிந்தெடுத்த துண்டு போன்றது. அக்கோளத்தின் ஆரையே பரப்பின் ஆரை. வடிவமைப்பாளர் அதனை 100 மில்லிமீற்றர் என எழுதலாம். பட்டறையிலிருந்து வருவதோ சிறிது கூடியோ குறைந்தோ இருக்கும். எவ்வளவு வேறுபடின் தீங்கில்லை? இவ்வினாவுக்கு விடையாக வரைபடத்தில் எழுதப்படும் எல்லையே பொறுதி எனப்படும். எல்லையை வீணே நெருக்கினால் வேலையும் விலையும் ஏறும். அளவுகடந்து தளர்த்தினால் விம்பம் மங்கும்.

இன்று இவ்வெல்லையைத் தீர்மானிக்கக் கணினி துணைநிற்கின்றது. செமாக்ஸ் போன்ற மென்பொருள்களில் ஆரைப் பொறுதியை மில்லிமீற்றரிலும் கூறலாம், நூற்றுவீதத்திலும் கூறலாம், ஒளிவளையங்களின் எண்ணிக்கையிலும் கூறலாம். மூன்றும் ஒன்றே என்று கொள்வது தவறு.

ஒளிவளையம் என்பது யாது? மெருகிட்ட பரப்பின்மேல் திருத்தமான மாதிரிக் கண்ணாடியை வைத்து ஒருநிற ஒளியில் நோக்கினால், இரு வளைவுகளும் வேறுபடுமளவுக்கு ஒளியும் இருளும் வட்டங்களாய்த் தோன்றும். 1704ஆம் ஆண்டில் வெளியான தம் ஒளியியல் நூலில் இவற்றை அளந்து விளக்கிய நியூட்டனின் பெயரே இவற்றுக்கு வழங்குகின்றது. இடையிலுள்ள காற்றுப்படையை ஒளி போகும்போதும் மீளும்போதும் கடப்பதால், ஒரு வளையம் அரை அலைநீள இடைவெளியைக் குறிக்கும். ஈலியம்–நேயன் லேசரின் செவ்வொளியில் அது ஏறக்குறைய 0.32 மைக்கிரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் மூவாயிரத்தில் ஒரு பங்களவு.

இனி, ஓர் எளிய கணக்கைக் காண்க. ஆரை 100 மில்லிமீற்றர், விட்டம் 20 மில்லிமீற்றர் உடைய பரப்பில், ஆரை 0.1 மில்லிமீற்றர் பிழைத்தால் விளிம்பிலே பரப்பு அரை மைக்கிரோமீற்றர் விலகும். அது ஒன்றரை வளையத்துக்குச் சற்று மேல். விட்டம் 40 ஆயின் அதே பிழை நான்கு மடங்காகி ஆறு வளையத்தைத் தாண்டும். ஆரை 1000 ஆகவும் விட்டம் 20 ஆகவும் இருந்தாலோ, அப்பிழை ஒரு வளையத்தின் 60இல் ஒரு பங்குகூடத் தேறாது. அத்தகைய பரப்புக்கும் 0.1 மில்லிமீற்றர் என்று எழுதுபவர், பட்டறை அளந்தறிவதற்கே அரியதொன்றைக் கேட்கின்றார். தட்டையான பரப்புக்கு ஆரை முடிவிலி. அங்கே மில்லிமீற்றரும் நூற்றுவீதமும் பொருளற்றுப்போக, வளையக் கணக்கே நிலைக்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆரை பிழைத்தால் முதலிற் பிழைப்பது குவியத்தூரம். விம்பத் தளத்தைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்தக்கூடிய கருவியில் அப்பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும். இந்நகர்ச்சியை மென்பொருளுக்கு ஈடுசெய்யும் வழியாக அறிவிக்கத் தவறினால், அது தேவையற்ற நுணுக்கத்தைக் கோரும். குவியம் நிலையாகப் பொருத்தப்பட்ட கருவிக்கு இவ்வழி உண்டெனப் பொய்யாக அறிவித்தாலோ, திரையில் தெளிந்த விம்பம் கருவியில் மங்கிவிடும்.

ஆகவே, எல்லையை எழுதுமுன் மூன்றினை அறிதல் வேண்டும்: பரப்பின் விட்டம் எவ்வளவு, பட்டறை அதனை எம்முறையால் அளக்கும், கருவியிற் குவியம் திருத்தப்படுமா என்பன. இவற்றை அறிந்து கொடுத்த எண்ணுக்கே மென்பொருளின் விடை பயன்படும்.