தலைகீழாய்ப் பிடித்த கிடார்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் பழைய பாட்டு ஓடினால், எப்படியும் ‘இளைய நிலா’ ஒரு தடவை வந்துவிடும். 1982-இல் வந்த அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கிடார் தனியாகப் பேசும். தமிழ்நாட்டில் கிடார் என்றதும் பலருக்குக் காதில் விழுவது அதுதான். கிடார் வாசிப்பவர் என்றால் கண்ணுக்கு வருவது ஓர் இளைஞன், பெரும்பாலும் கல்லூரி மாணவன். ஆயுளில் பெரும்பகுதியை அடுத்தவர் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, பிள்ளை பார்த்தே கழித்த எழுபது வயதுக் கறுப்பினப் பாட்டி யாருக்கும் கண்ணுக்கு வருவதில்லை. எலிசபெத் காட்டன் அப்படி ஒருவர். ப்ளூஸும் நாட்டுப்புற இசையும் வாசித்த அமெரிக்கக் கிடார் கலைஞர்களில், இன்றைக்கும் விரல் விரலாக ஆராய்ந்து பழகப்படுபவர்.

1960-களின் நடுவில் பாடகர் பீட் சீகர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ரெயின்போ குவெஸ்ட்’ என்றொரு நிகழ்ச்சி நடத்தினார். அதில் காட்டன் வாசித்த கறுப்பு வெள்ளைப் பதிவு இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. பார்த்ததும் ஏதோ இடறும். வீடியோவைக் கண்ணாடியில் காட்டுகிறார்களோ என்று சந்தேகம் வரும். அவர் இடக்கைப் பழக்கக்காரர்.

வழக்கமாக, கிடாரின் தடித்த கம்பிகள் மேலே, வாசிப்பவரின் முகத்துக்கு அருகில் இருக்கும், மெல்லியவை கீழே. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளம் தவறாமல் கீழ்ச்சுரங்களைப் போட்டுக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். இடக்கைக்காரர்கள் கம்பிகளைக் கழற்றி, வரிசையை மாற்றிக் கட்டிக்கொள்வது உண்டு. காட்டன் அதைச் செய்யவில்லை. வலக்கைக்காரர்களுக்குக் கட்டிய கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். தடித்த கம்பிகள் கீழே போய்விட்டன. ஆகவே, கீழ்ச்சுரங்களை ஆள்காட்டி விரல் பார்த்துக்கொண்டது. மெட்டு கட்டைவிரலுக்கு வந்தது. கை விரல்களிலேயே கனமானது மெட்டை வாசிப்பதால், ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு விழும். அடியில் கீழ்ச்சுரங்கள் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் வாசிப்பது போலத் தோன்றும். இந்த முறைக்கு ‘காட்டன் பிக்கிங்’ என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அவரைப் போல வாசிக்க விரும்பும் வலக்கைக்காரர்கள், அவர் கட்டைவிரல் செய்ததைத் தங்கள் மற்ற விரல்களுக்கு மாற்றித்தான் கற்கிறார்கள். சுரம் கிடைத்துவிடும், அந்தக் கனம் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

ப்ளூஸ் எங்கிருந்து வந்தது என்பதைக் கல்வராயன் மலைக்காரர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் பழைய முதலாளிகளிடமே நின்றது. விடுதலையான கறுப்பின மக்கள் அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் முதலாளியிடமே கடன் வாங்கினார்கள். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சியது. வயல் பாட்டு, ரயில் பாதை போட்ட கூலிகளின் பாட்டு, தேவாலயப் பாட்டு எல்லாம் கலந்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களிடையே உருவானதுதான் ப்ளூஸ். ஓர் அடியைப் பாடி, அதையே திரும்பவும் பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்வது அதன் பரவலான வடிவம். நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டு கழித்தும், 1976 வரை, ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை கல்வராயன். அவர்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லாமல் உழைப்பும் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஆனால் ப்ளூஸ் என்றாலே அழுகை என்று நினைத்துக்கொண்டு காட்டனைக் கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மிசிசிப்பி டெல்டாவின் ப்ளூஸ்தான் கரடுமுரடானது, தொண்டை கிழியப் பாடுவது. காட்டன் பிறந்த வட கரோலினாப் பக்கத்தில் வளர்ந்தது பீட்மான்ட் பாணி. அதில் பியானோவின் ராக்டைம் துள்ளலை விரல்களால் கிடாருக்குக் கொண்டுவந்தார்கள். சோகமான பாட்டுக்கும் கால் தானாகத் தாளம் போடும்.

சேப்பல் ஹில்லை ஒட்டிய கார்பரோவில் 1893 ஜனவரி 5 அன்று, ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். வீட்டில் அவருக்குப் பெயரே வைக்கவில்லை. தங்கச்சி, சின்னவள் என்ற மாதிரிதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் பெயர் கேட்டபோது, எலிசபெத் என்று தானே ஒன்றைச் சொல்லிவிட்டார். அதுவே நிலைத்தது.

அந்தப் பள்ளிக்கூடமும் நீடிக்கவில்லை. ஒன்பது வயதில் நின்று வீட்டு வேலைக்குப் போனார். அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும் அவருடைய பான்ஜோவை எடுத்துத் திருப்பிப் பிடித்துப் பழகியிருந்த சிறுமிக்குச் சொந்தமாக ஒரு கிடார் வேண்டியிருந்தது. மாதம் ஒரு டாலர் கூலி. கிடாரின் விலை 3 டாலர் 75 சென்ட். நாலு மாதக் கூலியைச் சேர்த்து வாங்கியதும், இராப்பகலாக வாசித்தார். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’ பாட்டைக் கட்டிவிட்டார். வீட்டருகே ஓடிய கூட்ஸ் வண்டியைப் பற்றிய பாட்டு அது. செத்த பிறகும் ரயில் சத்தம் கேட்கிற இடத்தில் தன்னைப் புதைக்கச் சொல்லும் பாட்டு. இன்னொரு பாட்டு, தன்னைப் பற்றி அம்மாவிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லி அடி வாங்கித் தந்த அக்கம்பக்கத்துப் பெண்மணிக்குச் சிறுமி கட்டிய பதிலடி.

1910-இல் ஃபிராங்க் காட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். லில்லி என்று ஒரு மகள். தேவாலயத்தில் சபைப் பெரியவர்கள், இந்த உலகப் பாட்டையெல்லாம் விட்டுவிடச் சொன்னார்கள். விட்டுவிட்டார். அதன் பிறகு எப்போதாவது சபையில் வாசித்ததோடு சரி. சுமார் நாற்பது வருடம் கிடார் அவர் வாழ்க்கையிலிருந்து ஒதுங்கியே இருந்தது. பாத்திரம், துணி, அடுப்பு, அடுத்தவர் பிள்ளைகள். பிற்பாடு கணவரைப் பிரிந்து, வாஷிங்டனில் மகள் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்.

1940-களின் கடைசியில், வாஷிங்டனில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பொம்மைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோய் அழுத ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். சிறுமி பெக்கி சீகர். தாய் ரூத் க்ராஃபோர்ட் சீகர், அமெரிக்காவின் முக்கியமான இசையமைப்பாளர்களில் ஒருவர். தந்தை சார்ல்ஸ் சீகர் இசையியல் அறிஞர். ரூத் தங்கள் வீட்டில் வேலை கொடுத்தார். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்துப் புத்தகமாக்கிக்கொண்டிருந்த வீடு அது. அவர்கள் தேடியது அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது என்பது சில வருடம் யாருக்கும் தெரியாது. சுவரில் தொங்கிய கிடாரை எடுத்துக் காட்டன் வாசித்துக்கொண்டிருந்தபோது பெக்கி பார்த்துவிட்டார். அறுபதை நெருங்கிய வயதில் பழைய பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக விரலுக்குத் திரும்பி வந்தது.

‘சீகர் குடும்பம் கண்டுபிடித்த மேதை’ என்றுதான் வழக்கமாக இந்தக் கதையைச் சொல்வார்கள். அதில் ஓர் அவசரம் இருக்கிறது. கண்டுபிடிக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தப் பாட்டும் வாசிப்பு முறையும் முழுதாக இருந்தன. அதே சமயம், பெக்கியின் அண்ணன் மைக் சீகர் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காட்டனின் வீட்டுப் படுக்கையறைக்கு நடையாக நடக்காமல் இருந்திருந்தால் நமக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்பதும் உண்மை. அந்தப் பதிவுகளை 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது காட்டனுக்கு 65 வயது.

அதற்குள் ஒரு திருட்டு நடந்துவிட்டிருந்தது. பெக்கி இங்கிலாந்துக்குப் போனபோது ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’ பாட்டையும் கொண்டுபோய் அங்கே பாடினார். கேட்டவர்களில் பால் ஜேம்ஸ், ஃப்ரெட் வில்லியம்ஸ் என்ற இருவர் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்தார்கள். சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய பதிப்பு 1957-இல் பிரிட்டிஷ் தரவரிசையில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அப்போதும் காட்டன் வீட்டு வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். சீகர் குடும்பம் துணை நிற்க, சட்டத்தின் வழியே போராடியதில் அவர் பெயரும் சேர்ந்தது. கிடைத்தது முழு உரிமை அல்ல, பங்கு. இத்தனைக்கும் பாட்டைக் கட்டியவர் உயிரோடு இருந்தார், சாட்சி சொல்லப் படித்த குடும்பம் ஒன்று இருந்தது.

அந்த இரண்டும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தமிழில் இந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட தொகுப்பு. பல பாட்டுகளின் அடியில் சேகரித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். அந்தக் காலத்துக்கு அதுவே அரிய நேர்மை. கட்டிய பெண்ணின் பெயர் இருக்காது. தொகுத்தவர்கள் மேல் இதில் குறை சொல்ல முடியாது. பாடியவர்களுக்கே அது யார் கட்டியது என்று தெரிந்திருக்காது. கோமுகி அணைப் பாசனத்தில் நடவு நட்டவர்களும், மலை மேலே சாமைக் கொல்லையில் களை எடுத்தவர்களும் பாடியது ‘நாட்டுப்புறப் பாட்டு’ ஆயிற்று. தாலாட்டும் ஒப்பாரியும் அப்படியே. ஆனால் ஏதோ ஒரு வயலில், ஏதோ ஒரு மத்தியானத்தில், ஒருத்திதான் அந்த முதல் அடியை எடுத்திருப்பாள்.

கருவி என்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பம்பை, உடுக்கை, பறை, கூத்தின் ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான். தெருக்கூத்தில் திரௌபதி வேஷம்கூடப் பெரும்பாலும் ஆணுக்குத்தான். பெண்ணுக்குக் கிடைத்தது தொண்டை மட்டும். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வீசுகோல் பிடித்து வில்லை அடித்துப் பாடிய பூங்கனி அபூர்வமான விதிவிலக்கு. 2018-இல் தம் 84-ஆவது வயதில் காலமானார். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியை ஊருக்கெல்லாம் தெரியவைக்க 1985-இல் ‘ஆண்பாவம்’ படம் வர வேண்டியிருந்தது. பரவை முனியம்மாவுக்கு 2003-இல் ‘தூள்’.

காட்டனுக்கு மேடைக் கதவு 1960-இல் திறந்தது. ஸ்வார்த்மோர் கல்லூரியில் மைக் சீகரோடு சேர்ந்து முதல் கச்சேரி, வயது 67. அதற்குப் பிறகும் சில வருடம் வீட்டு வேலையை விடவில்லை. மேடையில் அவர் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டுக்கு நடுவே ஊர்க்கதை சொல்லி, கூட்டத்தையும் கூடப் பாட வைப்பார். 1967-இல் வந்த ‘ஷேக் ஷுகரீ’ பாட்டின் வரிகளைக் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் படுக்கப் போகும் நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகக் கட்டினார்கள். வீட்டிலுள்ள சாமான் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போவதுதான் பாட்டின் விஷயம். இசைத்தட்டில் அதைப் பாடியது கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸ், 12 வயதுச் சிறுமி. பாட்டி கிடார் மட்டும் வாசித்தார். தன்னைவிடப் பேத்திக்கு அந்தப் பாட்டு பொருந்தும் என்று முடிவெடுக்கத் தெரிந்தவர் அவர்.

இசையில் சம்பாதித்த பணத்தில் 1978-இல் சிரக்யூஸ் நகரில் சொந்த வீடு வாங்கினார். 1984-இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது. அடுத்த வருடம், 92 வயதில், கிராமி. 1987 ஜூன் 29 அன்று காலமானார். 2022-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், ராக் இசைக்கு வித்திட்டவர்கள் வரிசையில் அவரைச் சேர்த்தது. அவரோடு நிற்கவேண்டிய இன்னொரு பெயர் எட்டா பேக்கர். அதே வட கரோலினா, அதே பீட்மான்ட் பாணி. துணி ஆலையில் வருடக்கணக்கில் வேலை பார்த்து, அறுபது வயதில் அதை விட்டுவிட்டு முழுநேரமாகக் கிடாரைக் கையில் எடுத்தவர். 2006-இல், 93 வயதில் மறைந்தார்.

காட்டனைக் கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 1958 இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். குரல் மெல்லியது, கொஞ்சம் நடுங்கும். பாடகி என்று எதிர்பார்த்துப் போனால் முதலில் சப்பென்றிருக்கலாம். ஆங்கிலப் பாட்டு பிடிபடாதோ என்று தயங்குபவர்களுக்கு அதிலேயே ‘வில்சன் ராக்’, ‘வாஸ்டபோல்’ என்று இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் வார்த்தையே கிடையாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான்.